செவலையின் ஓட்டம்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், தோட்டத்துக்காரர் குடும்பத்தோடு டவுனிலிருந்து வந்திறங்கினார். காவல்நாய் செவலை, பின்னங்கால் வலியை மறைத்துக்கொண்டு, பிள்ளைகள் எறிந்த பந்தின் பின்னாலேயே காலையிலிருந்து ஓடியது.

"கொஞ்சம் படுத்துக்கயேன்," என்றது வைக்கோல்போர் மேலிருந்த பூனை.

"படுத்தா வயசாயிடுச்சுன்னு தெரிஞ்சுடும். வேற நாயைக் கொண்டாந்துடுவாங்க," என்று மூச்சிரைத்தது செவலை.

சாயங்காலம் காரில் ஏறும்போது வீட்டுக்கார அம்மா அதன் தலையைத் தடவினாள். "பாவம், இவனை நம்மகூடவே கூட்டிட்டுப் போயி நிம்மதியா படுக்க விடலாம்னு நெனச்சேங்க."

"என்ன ஓட்டம் ஓடறான் பாத்தியா? இன்னும் நாலு வருஷம் தோட்டத்தைப் பாத்துக்குவான்," என்று அவர் கதவைச் சாத்தினார்.

கார் மறையும்வரை செவலை வாலாட்டிக்கொண்டு நின்றது. பிறகு அந்த ஈரத் தரையிலேயே படுத்துவிட்டது.