குளிரில் கிளம்பாத கார்

குளிர் தொடங்கியதிலிருந்து நர்ஸின் கார் காலையில் கிளம்புவதில்லை. சாவியைத் திருப்பினால் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், பிளக்குகளை மாற்றினார், செல்ஃப் மோட்டாரையே புதிதாகப் போட்டார். பட்டறையில் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. மறுநாள் காலை வீட்டு வாசலில் பழையபடி அடம்பிடித்தது.

“இன்னொரு தடவை லேட்டானா என் வேலையே போயிடும் அண்ணே. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடவா?”

மெக்கானிக் புது மோட்டாரை மறுபடி கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இவ்வளவு சீக்கிரத்திலேயே அதன் பற்கள் மழுங்கியிருந்தன.

“ஓடிக்கிட்டிருக்கிற வண்டிய மறுபடி ஸ்டார்ட் பண்ணினாத்தாம்மா பல்லு இப்படித் தேயும். நீ சாவி போடுறதுக்கு முன்னாடியே யாராவது ஸ்டார்ட் பண்ணி வைக்கிறாங்களா?”

“எங்க வீட்டுக்காரர் வைப்பாரு. நான் தலை வாரி முடிக்கிறதுக்குள்ள வண்டியச் சூடாக்கி வச்சிருப்பாரு.” நர்ஸ் தொடர்ந்தாள்: “அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகப் போகுதே அண்ணே.”

மெக்கானிக் வேறொரு மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தார்.

மறுநாள் காலை கண்ணாடியெல்லாம் பனி படிந்திருந்தது. அவள் கதவைத் திறந்து உட்கார்ந்து, சாவியைத் திருப்பாமல் கைப்பைக்குள் போட்டாள். பிறகு கிளட்சை மிதித்து கியரைப் போட்டாள். கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அவள் பாதங்களில் வெதுவெதுப்பான காற்று பட்டது.

மருத்துவமனைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள். உடன் வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் மட்டும் இறங்கவில்லை. சாவியே போடாத வண்டியை எப்படி அணைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.