ஒரு சொட்டு படக்கூடாது

"ஷாகுல் தம்பி, அந்த ஓரத்துல டேப் சரியா ஒட்டலை பாருங்க!"

கெசியா மறுபடியும் கத்தினாள். சேலையூர் வீட்டின் வெளிச்சுவரில் படிந்த பாசியை, மருந்து கலந்த தண்ணீரைப் பிரஷர் பம்ப்பில் அடித்துக் கழுவ வந்திருந்த ஷாகுல், தேக்குக் கதவை ஏற்கெனவே பிளாஸ்டிக் ஷீட்டால் போர்த்தியிருந்தான்.

"கொண்டாந்த ஷீட்டெல்லாம் இதுக்கே தீந்துபோச்சுக்கா. ஒரு சொட்டு உள்ள போகாது."

"மருந்துத் தண்ணி பட்டா பாலிஷ் திட்டுத்திட்டா வெளுத்துடும். அப்புறம் நான் தெருவுல தலைகாட்ட முடியாது!"

ஒரு கதவுக்காகவா இப்படி என்று ஷாகுல் சிரித்தான். கெசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பம்ப் உறுமும்போதெல்லாம் ஓடிப்போய் டேப்பை அழுத்திவிட்டாள். கடைசியில் குடையை விரித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் அவளே நின்றுவிட்டாள்.

வேலை முடிகிற நேரத்தில் வந்த கணவன் காலேப் வாசலில் திகைத்து நின்றான்.

"கெசியா! நம்ம கதவு பூரா வெளுத்துக் கிடக்கு. இதை அம்போன்னு விட்டுட்டு, பக்கத்து வீட்டுக் கதவுக்கா குடை பிடிக்கிறே?"

"நம்ம கதவு போனா போகட்டும். போன வருஷம் அவங்க வீட்டைக் கழுவினப்ப நம்ம கதவுல நாலு சொட்டு பட்டதுக்கு, தெருவே கூடற மாதிரி சண்டை போட்டது யாரு? நான்தானே!"

அப்போது ஷீட்டுக்குப் பின்னாலிருந்து பக்கத்து வீட்டு அக்தர் பேகத்தின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"கெசியா... இப்பவாவது நான் வெளிய வரலாமாம்மா?"