விற்பனைக்கு ஒரு டிரம் செட்

மகளின் பழைய டிரம் செட்டைத் துடைத்துப் பளபளப்பாக நிறுத்தியிருந்தார் தந்தை. வாங்க வந்த பெண்மணியோ வாசலில் நின்றபடியே குறை சொல்லத் தொடங்கினார்.

"அந்தப் பெரிய சிம்பல் தட்டை அடிச்சா குப்பைத்தொட்டி மூடி விழுந்த மாதிரி இருக்கும்."

"கத்துக்கறவங்களுக்கு அது போதும்மா."

"ஜோடி சிம்பல் சரியா மூடாது, சலசலன்னு வம்பு பேசிட்டே இருக்கும். பெடலுக்கு எண்ணெய் போட்டு ஒரு மாமாங்கம் ஆச்சு. ஸ்டாண்டுல திருகு நிக்காது, பாட்டு முடியறதுக்குள்ள தடால்னு சாஞ்சிடும்."

தந்தை பெடலை மிதித்தார், கிறீச்சிட்டது. ஸ்டாண்டைத் தொட்டார், சாய்ந்தது.

"அப்ப வேண்டாமாம்மா?"

"வேண்டாம்னு யார் சொன்னா? கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன்."

போன உயிர் திரும்பியது அவருக்கு. "தொடாமலே புட்டுப் புட்டு வைக்கிறீங்க. எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?" என்று பணிவுடன் கேட்டார்.

"எனக்கு வாசிக்கவே தெரியாது. ரெண்டு மாசமா உங்களுக்கு நேர் கீழ்வீட்டுல குடியிருக்கேன். இனிமேலாவது நிம்மதியாத் தூங்கணும்."

அதற்குள் உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"வித்தாச்சாப்பா? அப்ப புது செட்டை மேல ஏத்தச் சொல்லட்டுமா? வண்டி கீழயே நிக்குது. அதுல சிம்பல் மட்டுமே ஆறு."