கெரிட் கட்டாத வரி

புது மின்சாரப் பிக்கப் லாரி சத்தமே இல்லாமல் காபிக் கடை வாசலில் வந்து நின்றது. கெரிட்டுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இத்தனை வருஷமும் டீசல் உறுமலோடு வந்து இறங்கிப் பழகியவர். இப்போது ஒரு தலையும் திரும்பவில்லை. ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

"அஞ்சே நிமிஷம்" என்று மனைவி ஜோலீனை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். சொல்ல வேண்டிய செய்தி நாக்கு நுனியில் இருந்தது.

ஜன்னலோர மேஜையில் வழக்கமான கூட்டம். விதைக் கம்பெனிகள் சும்மா கொடுத்த தொப்பிகள், ஆளுக்கொரு காபி, நடுவில் தோல் குவளையும் பகடைக்காய்களும். உருட்டித் தோற்றவன் எல்லோருக்கும் காசு கொடுக்க வேண்டும். அயோவாவின் இந்த மூலையில் ஞாயிறுகளில் தேவாலயம், மற்ற நாட்களில் இது.

"வாப்பா, பேட்டரி ராஜா!" என்றார் டெல்பர்ட். "மாட்டு டிரெய்லரக் கட்டி சந்தைக்கு இழுத்துட்டுப் போனியாமே? பாதி வழியில மாடு எறங்கித் தள்ளுச்சாமே?"

மேஜை குலுங்கியது. கெரிட் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தார். கறுப்புப் புகை கக்கினால்தான் வண்டி என்று நம்புகிற ஜென்மங்கள். இவர்களிடம் போய் என்ன பேச?

அறுவடை முடிந்ததிலிருந்தே அவர் இந்த மேஜையில் முழங்கிக்கொண்டிருந்தார். புது மின்சார வண்டி வாங்கினால் அரசாங்கம் ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் வரிச் சலுகை தருகிறது. "வாஷிங்டனுக்கு நான் ஒத்த டாலர் அழுதது கிடையாது. இப்ப அவன் எனக்கு அழப்போறான்" என்பார்.

அழுதது கிடையாது என்ற பாட்டு மட்டும் பழையது. கெரிட்டுக்கு முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே இந்த மேஜை அதைக் கேட்டு வருகிறது. மற்றவர்கள் காபியோடு சேர்த்து விழுங்கிவிடுவார்கள்.

அந்தச் சலுகையின் நெளிவு சுளிவு இங்கே ஒருவனுக்கும் தெரியாது என்று கெரிட் நினைத்திருந்தார். அங்கேதான் கோட்டை விட்டார்.

"என் மருமககிட்ட வெசாரிச்சேன்" என்றார் டெல்பர்ட், ரொட்டியை மென்றபடி. "அது கையில தூக்கிக் குடுக்கற காசு இல்லையாம். நீ கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்குவாங்களாம். வரியே இல்லாதவனுக்கு எதுலடா கழிக்கிறது? சொல்லு கெரிட். சலுகை வந்துச்சா, வரலையா?"

சிரிப்பு நின்றது. எல்லாத் தொப்பிகளும் அவர் பக்கம் திரும்பின.

வந்தது என்றால் இத்தனை வருஷமாகப் புளுகியவன். வரவில்லை என்றால் வடிகட்டின முட்டாள். மேஜைக்கு இரண்டுமே விருந்துதான்.

கெரிட்டின் கண் மேஜைக் கோடிக்குப் போனது. அங்கே தம்பி ஆர்லின் உட்கார்ந்திருந்தான்.

அப்பா ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்த நிலத்தில் ஆர்லினின் பாதியில் இப்போது வேறு எவனோ சோளம் போடுகிறான். வரி கட்டவே மாட்டேன் என்று வீம்பாக நின்றான் ஆர்லின். நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்தது. அசையவில்லை. கடைசியில் அரசாங்கம் நிலத்தை ஏலம் விட்டது. ஏலத்தன்று கெரிட்டுக்கு முதுகு வலி, போக முடியவில்லை. தம்பி இப்போது கூட்டுறவுச் சங்கத்தின் உர லாரியை ஓட்டுகிறான்.

ஆர்லின் கண் கொட்டாமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரல" என்றார் கெரிட். "எப்படி வரும்? நான் எங்க வரி கட்டினேன்?"

கடையே அதிர்ந்தது. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி மேஜையில் அடித்து அடித்துச் சிரித்தார். "கவர்மெண்ட்டுக்கு நாமம் போடறேன்னு கெளம்பி, சொந்த நெத்தியிலயே போட்டுக்கிட்டான்யா! இன்னிக்குப் பகடை வேணாம். காபி எல்லாம் நம்ம பேட்டரி ராஜா கணக்கு."

கெரிட்டும் கூடவே சிரித்து வைத்தார்.

ஆர்லின் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்தான். உரம் ஏறி வெளுத்துப்போன விரல்களால் சட்டைப் பையிலிருந்து கசங்கிய நோட்டுகளை எடுத்து அண்ணனுக்கு முன்னால் வைத்தான். அன்றைய காபிக்கெல்லாம் சேர்த்து.

"சிரிக்கட்டும் விடுண்ணே" என்றான் மெதுவாக. "ஆரம்பத்துல நீ என்ன சொன்னியோ அதுலயே நின்னுட்ட. நெலம் போனப்பகூட எனக்கு அதான் தெம்பு. நாம ரெண்டு பேராவது குனியல."

அந்த நோட்டுகளை எடுத்துத் தம்பி கையிலேயே திருப்பித் திணித்திருக்கலாம். கெரிட் அதைக்கூடச் செய்யவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

வண்டியில் ஏறியதும் ஜோலீன் கேட்டாள்.

"பணம் முழுசா வந்துருச்சுன்னு சொன்னீங்களா?"

அவர் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"வருஷம் தவறாம வரி கட்டற மனுஷன்தான்னு, ஊருக்கு வேணாம், ஆர்லினுக்காவது?"

கடை வாசலுக்கு வந்து ஆர்லின் கையசைத்துக்கொண்டிருந்தான்.

கெரிட் ஹாரன் அடித்தார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.