அடக்கப் பதிவேடு

“வாசி, வாசி. நிறுத்தாதே,” என்றேன்.

பர்னபா வாசித்தான். நான் எழுதினேன்.

ஏரி நடுவே இருக்கும் லிக்கோமா தீவில் கப்பல் நான்கு மணி நேரம்தான் நிற்கும். விட்டால் அடுத்தது ஒரு வாரம் கழித்து. அந்த நான்கு மணி நேரத்துக்குள் என் கொள்ளுத்தாத்தாவோடு பிறந்தவர்கள் அத்தனை பேரையும் கண்டுபிடித்தாக வேண்டும். ஆகஸ்டில் மலுண்டா குடும்பத்தார் எல்லோரும் தலைநகர் லிலோங்வேயில் கூடுகிறோம். வம்ச வரலாற்றைப் புத்தகமாக அச்சடித்து ஆளுக்கொன்று தருவதாக நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

வேதக்கோவிலின் அடக்கப் பதிவேடுகள் இருக்கும் அலமாரிச் சாவி பர்னபாவிடம் இருந்தது. இருபது வருடமாக அங்கே அவன்தான் உபதேசியார். பள்ளி விடுதியில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். ஆறு வருடம் கழித்து இன்றுதான் பார்க்கிறோம்.

கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்த படகை விட்டு இறங்கியதும் என் பையை வாங்கிக்கொண்டான்.

“வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போடா லேமெக்.”

“மொதல்ல வேலை. உன் வீடு எங்கே ஓடிரப்போகுது?”

அவன் பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். நேரே கோவிலுக்குக் கூட்டிப்போனான்.

கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எனக்குப் பழைய மைக் கையெழுத்து பிடிபடுவதில்லை. அதனால் அவன் வாசிக்க, நான் குறித்துக்கொள்வது என்று முடிவானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கில் தொடங்கினோம். யார், யாருடைய பிள்ளை, எந்த ஊர், என்ன வயது, எதனால் இறந்தார். காய்ச்சல். பிரசவம். ஏரியில் மூழ்கி. மறுபடியும் காய்ச்சல்.

இரண்டு மணி நேரத்தில் மூன்று மலுண்டாக்கள் கிடைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் மேசையைத் தட்டினேன்.

நடுவில் எழுந்து போய், துணி மூடிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அவித்த மரவள்ளிக்கிழங்கும் வறுத்த மீனும். மீன் கருகியிருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளினேன். தாள்களில் எண்ணெய் பட்டுவிடுமே.

“லேமெக், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா.”

கடிகாரத்தைப் பார்த்தேன்.

“வாசிச்சுக்கிட்டே சொல்லுடா,” என்றேன்.

நாற்காலி நகர்ந்தது. அலமாரிக் கதவு திறந்து மூடியது. நான் தலை நிமிரவில்லை. கடைசியாக எழுதிய பெயரின் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் வாசித்தான். அதே குரல்தான்.

“டொரிக்கா. பர்னபாவின் மனைவி. சிப்யேலா கிராமம். வயது ஐம்பத்தெட்டு. மாரடைப்பு.”

எழுதினேன். ஐம்பத்தெட்டு என்பதை எண்ணில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். மலுண்டாக்கள் சிலர் சிப்யேலாவில் பெண் எடுத்திருந்தார்கள்.

“இந்த டொரிக்கா எங்க கூட்டமாடா?”

“இல்லடா,” என்றான். “என் டொரிக்கா.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அவன் கையில் இருந்தது வேறு புத்தகம். புதிய அட்டை. அந்த வரி நீலப் பேனாவில், அவன் கையெழுத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் பார்த்துக் காப்பியடித்த அதே சாய்ந்த எழுத்து. ஊரில் யார் இறந்தாலும் எழுதுகிறவன் அவன்தானே. வேறு யார் எழுதியிருப்பார்கள்?

பிப்ரவரி பதினொன்று. இந்த வருடம்.

என் பேனா மூடி மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

“எனக்குத் தெரியாதுடா. சத்தியமா. யாருமே சொல்லல,” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும், பாவம்? தெரிஞ்சிருந்தா நீ வராம இருப்பியா?”

அவன்தான் என்னைத் தேற்றினான். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தான். பிறகு அந்தப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, பழையதை விரித்தான்.

“இன்னும் ரெண்டே பக்கம்தான். கப்பல் ஊதறதுக்குள்ள முடிச்சிரலாம். எழுதிக்கோ.”

வேண்டாம், எழுந்திரு, அவளைப் புதைத்த இடத்தைக் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

பேனாவைத் திறந்தேன்.

அவன் வாசித்தான். காய்ச்சல். ஏரியில் மூழ்கி. பெயர் தெரியாத குழந்தை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அது நினைவுக்கு வந்தது.

மார்ச் மாதம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க என் வம்சத் தாள்கள். சந்தையிலிருந்து வந்த என் மனைவி எஸ்நாத், கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள். “லிக்கோமாக்காரங்களைப் பார்த்தேன். பர்னபாவோட பொண்டாட்டி தவறிட்டாளாம்.”

தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டேன்.

“எந்த வருஷம்?”