ஒரு டின் கத்தரி வற்றல்

செத்துப்போன மூத்த தாரம் வள்ளிமயில் போட்டுவைத்த கத்தரி வற்றல் ஒரு பெரிய டின் நிறைய இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சுடலைமுத்து அதிலிருந்து ஆறே துண்டுகளை எடுத்து, இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த அன்னக்கொடியிடம் தருவான். மற்ற நாள் அவள் வைக்கிற குழம்பைப் பற்றி வாய் திறக்காதவன், அன்றைக்கு மட்டும் தட்டை வழித்து நக்குவான். இரண்டு வருடமாகியும் டின் பாதிகூடக் குறையவில்லை.

அவன் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன காலையில் அவள் டின்னைக் கவிழ்த்தாள். குப்பையில் கொட்டினால்தானே பாவம், ஒரே குழம்பாக வைத்துத் தீர்த்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? சருகாகக் கிடந்ததையெல்லாம் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது வற்றல் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. தண்ணீரைக் காணோம். அண்டாவுக்கு மாற்றி இன்னும் ஊற்றினாள். அதையும் குடித்தது. சுருங்கிக் கிடந்தவரை தெரியாத வெட்டு இப்போது தெரிந்தது. இடது கைக்காரி என்று ஊரே சொல்லும் வள்ளிமயில் அரிந்த சாய்வில், ஒவ்வொரு துண்டும் சதை பிடித்துக் கிடந்தது. டின்னுக்குள் அடங்கியிருந்தவள் இப்போது அண்டா நிறைய இருந்தாள்.

சாயங்காலம் வந்த சுடலைமுத்து அண்டாவையே பார்த்தான். கத்துவான் என்று அன்னக்கொடி காத்திருந்தாள். அவன் ஒரு துண்டை எடுத்து, அதற்கு வலித்துவிடக் கூடாது என்பதுபோல மெல்லப் பிழிந்தான்.

"ஒண்ணும் கெட்டுப்போகல. தண்ணிய வடிச்சிட்டு நாளைக்கு மாடியில காயப்போடு" என்றான். "காக்கா தொடாம நீயே பக்கத்துல உக்காந்துக்க."