மீசை முளைக்கும் வரை

அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும்போது வழக்கப்படி என் மீசையை மழித்தார்கள். மூன்றாம் நாள் குடோனுக்கு வேலைக்குப் போனேன். முகம் பார்த்துத் திறக்கிற கேட், "சங்கிலி, இறந்தவர், அனுமதி இல்லை" என்றது. சங்கிலி என் அப்பா. அதே குடோனில் மூட்டை தூக்கியவர், கடைசிவரை மீசையே வைத்ததில்லை.

"நான் அவரு மவன் கொத்தாளம்யா!" என்று கத்தினேன்.

"அச்சு அசல் ஒங்கப்பன் மொகம்தாம்வே. மீசை மொளைச்சதும் வாரும்" என்று வாட்ச்மேன் சிரித்தார்.

"நாலு மசுரு இல்லன்னு பிள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" என்றாள் என் சம்சாரம்.

அதனால் தினமும் கேட் முன்னால் போய் நின்றேன். தினமும் அது அப்பாவைத்தான் பார்த்தது.

ஒருவழியாக மீசை முளைத்தது. கேட் என்னைக் கண்டுகொண்டது.

"கொத்தாளம், இத்தனை நாள் வேலைக்கு வராதவர், நீக்கப்பட்டவர்" என்றது.